நெல்லையில் ஒரு கிளான் கலைந்தது: விளையாட்டு அரசியலும் ஊர் அரசியலும்

2024 ஜூலை மாத லீக் போட்டி முடிந்த மறுநாள் இரவு, எட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கிளான், அதாவது க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸ் என்ற மொபைல் விளையாட்டில் சேர்ந்து ஆடும் குழு, அரை மணி நேரத்துக்குள் காலியானது. நாற்பத்தேழு ஐடிகள் (விளையாட்டுக் கணக்குகள்) இருந்த இடத்தில் மூன்றுதான் மிச்சம். அதில் ஒன்று லீடருடையது, மற்ற இரண்டும் அவரே வைத்திருந்த உபரி ஐடிகள். திருநெல்வேலியையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த பையன்கள் சேர்ந்து கட்டிய கிளான் அது. நான் அதில் எல்டர் என்ற நடுத்தரப் பொறுப்பில் இருந்தேன். கலைந்த பிறகு இரண்டு தரப்பிடமும் பேசினேன். இங்கே வருபவர்களின் பெயரை எழுதவில்லை. என்ன வேலை, எந்தப் பக்கத்து ஊர் என்பது மட்டும் போதும்.

இதை ஏன் ஆய்வாக எழுத வேண்டும்? அந்தக் கிளானில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஊரிலும் அரசியலுக்குள் இருப்பவர்கள். ஒருவரின் அப்பா பாசன சங்கத்தில் இருக்கிறார். இன்னொருவர் வார்டு தேர்தலில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர். அவர்களே இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக நடந்துகொண்டதைக் கண்ணால் பார்த்தேன். ஊரில் ஆறு மாதம் பொறுமையாகப் பேசித் தீர்க்கிறவர், கேமில் ஆறு நிமிடம் பொறுக்கவில்லை. ஆள் ஒருவரே என்றால், வித்தியாசம் அவர் நின்ற இடத்தில்தான் இருக்க வேண்டும். அதைத்தான் தேடிப் பார்த்தேன்.

அதிகாரம் எழுதப்பட்டிருக்கும் இடம்

க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸை ஃபின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2012-இல் வெளியிட்டது. ஒரு கிளானில் 50 பேர் வரை இருக்கலாம். மெம்பர், எல்டர், கோ-லீடர், லீடர் என்று நான்கு படிகள். வார், அதாவது இன்னொரு கிளானோடு போர், தொடங்குவது கோ-லீடருக்கும் லீடருக்கும் மட்டும் உள்ள உரிமை. எல்டர் மெம்பரை வெளியேற்றலாம், கோ-லீடர் எல்டரையும் வெளியேற்றலாம், லீடர் யாரையும் வெளியேற்றலாம். லீடரை யாரும் தொட முடியாது. அவராகப் பதவியை இன்னொருவருக்குக் கொடுத்தால் உண்டு, அல்லது நெடுநாள் கேம் பக்கமே வராமல் போனால் உண்டு. கிளான் முழுவதும் ஒன்றுகூடி ஒரே குரலில் கேட்டாலும் இந்த விதி மாறாது. இது உறுப்பினர்கள் கூடிப் பேசி எழுதிய சட்டமில்லை, நிரலில் இருப்பது.

எங்கள் லீடர் வள்ளியூர் பக்கத்துக்காரர். ஐடிஐ படிக்கும்போது 2016-இல் கிளானைத் தொடங்கி, பிறகு ஏசி மெக்கானிக்காக ஷார்ஜாவுக்குப் போனார். கிளானை வளர்த்ததில் அவர் பங்கு பெரியது, அதை அவருடைய எதிரிகளும் மறுக்க மாட்டார்கள். வேலை முடித்து ரூமுக்கு வந்ததும் யார் யார் ட்ரூப்ஸ் (படைவீரர்கள்) கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார். கோ-லீடர்கள் மூன்று பேர்: பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர், பாளையங்கோட்டையில் படிக்கும் கல்லூரி மாணவர், பத்தமடைப் பக்கம் விவசாயி மகன் ஒருவர்.

மெடல் தகராறு

2018 அக்டோபரில் கிளான் வார் லீக் வந்தது. மாதத்துக்கு ஒருமுறை எட்டு கிளான்கள் ஒரு குழுவாகி, ஒவ்வொன்றும் மற்ற ஏழுடன் மோதும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு அட்டாக், ஒரு அட்டாக்கில் அதிகபட்சம் மூன்று ஸ்டார். ஆக ஏழு நாளும் முழுமையாக அடித்தவருக்கு 21 ஸ்டார். முடிவில் எல்லோருக்கும் மெடல் கிடைக்கும். அதற்கு மேல் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் போனஸ் மெடல். அந்தச் சிலர் யார் என்பதைத் தேர்ந்தெடுப்பது தலைமை.

விளையாடாதவர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். அந்த மெடலைச் சேர்த்தால் சுத்தியல் வாங்கலாம். டவுன் ஹால் என்பது கோட்டையின் நிலையைக் காட்டும் மையக் கட்டடம். அது பெரிதாக இருக்கும்போது ஒரு கட்டடம் அடுத்த நிலைக்கு ஏற வாரக்கணக்கில் ஆகும். சுத்தியல் இருந்தால் அது அந்த நொடியே முடிந்துவிடும். காசு போட்டு ஆட முடியாத பையனுக்கு முன்னேற அதைவிட்டால் வேறு நேர்வழி குறைவு. ஆகவே லீக் முடிந்த இரவுதான் கிளானின் உண்மையான அரசியல் இரவு.

2018-லிருந்து எங்களிடம் எழுதாத ஒரு வழக்கம் இருந்தது. அதிக ஸ்டார் எடுத்தவருக்கு முதலில், போன மாதம் விட்டுப்போனவருக்கு அடுத்து. அந்த ஜூலையில் கல்லூரி மாணவர் 20 ஸ்டார் எடுத்திருந்தார். லீடரின் உபரி ஐடி 9 எடுத்திருந்தது. போனஸ் அந்த உபரி ஐடிக்குப் போனது, மாணவர் பெயர் பட்டியலில் இல்லை. "அண்ணாச்சி, கை தவறிப் போச்சா?" என்று சாட்டில் அவர் மரியாதையாகத்தான் கேட்டார். பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து லேத் பட்டறைக்காரர் எழுதினார்: "எட்டு வருஷமா ஒழைக்கோம், எங்களுக்கு ஒரு சுத்தியல் கெடையாதா வே?"

லீடரிடம் பிறகு இதைக் கேட்டேன். அந்த உபரி ஐடியை வளர்த்தால்தான் அடுத்த மாதம் லீக்கில் இறங்கும் ஆட்களின் வரிசையில் பலமாக நிற்கும், அது கிளானுக்குத்தான் லாபம் என்று கணக்குப் போட்டதாகச் சொன்னார். நான் நம்புகிறேன். ஆனால் அந்தக் கணக்கை அவர் யாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் எங்கேயும் இல்லை, ஆகவே சொல்லவில்லை. இந்த வழக்கின் மையமே இதுதான் என்று நினைக்கிறேன். ஊராட்சித் தலைவர் எவ்வளவு செல்வாக்கு உள்ளவரானாலும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபைக்கு முன்னால் வரவு செலவை வைத்தாக வேண்டும். பல ஊர்களில் அது கையெழுத்துச் சடங்காக முடிகிறது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் யாரோ ஒரு பாட்டி எழுந்து "ரோட்டு லைட்டுக்கு எவ்வளவுய்யா ஆச்சு?" என்று கேட்க அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. கிளானில் அந்த நாற்காலியே கிடையாது.

வாட்ஸ்அப் வந்த பிறகு

தகராறு மெடலில் வெடித்தது உண்மை. வெடிமருந்து அதற்கு வெகு முன்பே சேர்ந்துவிட்டது. கேமுக்குள் ஒருவனைப் பற்றித் தெரிவதெல்லாம் ஒரு பட்டப்பெயரும் ஒரு டவுன் ஹால் எண்ணும்தான். எந்தத் தெரு, எந்த ஆட்கள், அப்பா யார் என்று எதுவும் தெரியாது. திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் கையில் கட்டும் கயிற்றின் நிறமே தகராறாகிற மண்ணில், நான்கு தெருப் பையன்கள் ஒருவரை ஒருவர் அறியாமலே வருஷக்கணக்கில் ஒரே கோட்டைக்கு ட்ரூப்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வார் நேரத்தில் ஆட்களைக் கூப்பிட வசதி என்று பிறகு வாட்ஸ்அப் குரூப் ஒன்று தொடங்கினோம். குரூப்போடு டிபி வந்தது. ஒருவர் படத்தில் ஒரு குருபூஜை பேனர், இன்னொருவர் படத்தில் வேறொரு தலைவர். யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கிளானில் டொனேஷன் பட்டியல் ஒன்று இருக்கிறது, யார் எத்தனை கொடுத்தார், எத்தனை வாங்கினார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் எல்டர் என்பதால் சாட்டை மேலே தள்ளித் தள்ளிப் பார்ப்பது வழக்கம். முன்பெல்லாம் கேட்ட ஐந்தாவது நிமிடத்தில் டிராகன் கிடைக்கும் ஒரு பையனுடைய கோரிக்கை, குரூப் தொடங்கிய சில மாதங்களில் மணிக்கணக்காக நிரம்பாமல் கிடந்தது. அவனுக்கு யார் கொடுப்பதை நிறுத்தினார்கள் என்று என்னால் பெயர் சொல்ல முடியும். அந்தப் பையன் ஒருநாள் சத்தமில்லாமல் வெளியேறி வேறு கிளானுக்குப் போனான்.

அப்படிப் போக அவனால் முடிந்தது. இதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. ஊரில் அவனால் போக முடியாது. தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி தலித் பெண். 2006 தேர்தலில் வென்று வந்தவர். 2011 ஜூனில் வழிமறித்து வெட்டப்பட்டு, கடும் காயங்களோடு உயிர் பிழைத்தார். பதவிக்கு உடம்பு விலையாகும் அரசியல் அது. கேமில் தோற்றால் கோட்டைதான் இடிகிறது, சில நிமிடத்தில் அதுவும் தானாக எழுந்து நின்றுவிடுகிறது. இரண்டையும் அரசியல் என்ற ஒரே சொல்லால் அழைக்கும்போது இந்த வேறுபாடு முதலில் மனதில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த இரவு

லேத் பட்டறைக்காரர் செய்தது இது: லீடரின் உபரி ஐடி எல்டர் படியில் இருந்ததால், கோ-லீடர் உரிமையில் அதைக் கிக் செய்தார், அதாவது வெளியேற்றினார். கிக் செய்யும்போது காரணம் எழுத ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் "கணக்குச் சொல்லுங்க" என்று எழுதினார். ஷார்ஜாவில் அப்போது மணி ஒன்பது இருக்கும். லீடர் அவரை மெம்பராக இறக்கினார், அடுத்த நொடி வெளியேற்றினார். மாணவர் ஏன் என்று கேட்டார், அவரும் போனார். பிறகு "சரிதான்" என்று எழுதியவர், சிரிப்பு எமோஜி போட்டவர், ஒன்றுமே எழுதாதவர் என்று வரிசையாக வெளியேற்றம். எனக்கு வந்த காரணப் பெட்டியில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது. ராத்திரி வயலில் மோட்டார் போடப் போயிருந்த பத்தமடைக்காரர், விடியக்காலம் வந்து பார்த்தபோது கிளான் இல்லாத ஆளாக இருந்தார். தகராறு நடந்ததே அவருக்குத் தெரியாது.

இதற்கு முன்னுதாரணம் பெரிய அளவில் உண்டு. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்றொரு கூட்டணி, ஆயிரக்கணக்கான ஆட்களோடு பல நட்சத்திர மண்டலங்களை ஆண்டது. 2009 பிப்ரவரியில் அதன் நிர்வாகிகளில் ஒருவர் எதிரியான கூன்ஸ்வார்ம் பக்கம் சாய்ந்து, தனக்கிருந்த உரிமையைப் பயன்படுத்திக் கூட்டணியையே கலைத்துவிட்டார். போரில் வீழ்த்த முடியாதது சில க்ளிக்கில் விழுந்தது. விளையாட்டின் விதி எதுவும் மீறப்படவில்லை என்பதால் நிறுவனமும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதே விளையாட்டில் 2014 ஜனவரியில், ஒரு மண்டலத்துக்கான கட்டணம் சரியாகக் கட்டப்படாமல் போனதிலிருந்து தொடங்கிய சண்டை இருபது மணி நேரத்துக்கு மேல் நடந்து, 75 டைட்டன் கப்பல்கள் அழிந்தன. எல்லாம் ஒரு பொத்தானிலோ ஒரு தவணையிலோ தொங்கும் உலகம் அது.

ஆனாலும் ஈவ் ஆன்லைன்காரர்கள் ஒன்று செய்தார்கள். 2008 முதல் ஆட்டக்காரர்களே ஓட்டுப்போட்டு ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த மன்றம் நிறுவனத்திடம் பேசுகிறது. ஆட்சி செய்கிற அதிகாரம் அதற்குக் கிடையாது, முறையிடுகிற வாய் உண்டு. எங்கள் கிளானில் அந்த வாய் இருந்திருந்தால் அந்த அரை மணி நேரம் வேறு மாதிரி போயிருக்கும்.

அதே ஜூலை மாதம், மாநகராட்சியில்

எங்கள் கிளான் கலைந்த அதே நாட்களில் திருநெல்வேலி மாநகராட்சியிலும் தலைமை மாறிக்கொண்டிருந்தது. ஒன்றை மற்றொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

55 வார்டுகள் கொண்ட மாநகராட்சி. 2022 பிப்ரவரி தேர்தலில் திமுக பெரும்பான்மை பெற்று, பி.எம். சரவணன் மேயரானார். ஆளுங்கட்சிக் கவுன்சிலர்களிலேயே பலர் அவருக்கு எதிராகத் திரும்பினார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் வாக்குவாதம், வெளிநடப்பு, மனு. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். 2024 ஜனவரி 12-ஆம் தேதி அதற்கென்று கூட்டமும் கூட்டப்பட்டது. அன்று கவுன்சிலர்கள் யாரும் வரவில்லை, தீர்மானம் விழுந்தது. ஜூலையில் மேயர் ராஜினாமா செய்தார். ஆகஸ்ட் 5-ஆம் தேதி மறைமுகத் தேர்தல் நடந்தது. கட்சி நிறுத்திய வேட்பாளர் ஜி. ராமகிருஷ்ணனுக்கு 30 வாக்கு, எதிர்த்து நின்ற அதே கட்சிக் கவுன்சிலருக்கு 23.

யார் பக்கம் நியாயம் என்பது என் பொருள் அல்ல. நான் பார்ப்பது காலத்தை. பெரும்பான்மையே ஒருவரை விரும்பாதபோதும் அவரை நகர்த்த இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. இடையில் சட்டம், கட்சி மேலிடம், கையெழுத்து, கோரம், மறைமுக ஓட்டு என்று எத்தனையோ படிகள். அந்தக் காலத்தில் எங்கள் கிளான் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் எழுதியது நினைவிருக்கிறது: "ஒரு கிக் போட்டா முடியற சோலிக்கு இவ்வளவு இழுவையா?" எல்லோரும் ஆமோதித்தார்கள். இரண்டு வாரத்தில் அந்த ஒரு கிக் அவர்களுக்கே விழுந்தது.

அந்த இழுவையின் பயன் ஆகஸ்ட் 5-க்குப் பிறகுதான் தெரியும். எதிர்த்து வாக்களித்த 23 பேரும் மறுநாளும் கவுன்சிலர்கள்தான். அவர்கள் வார்டில் குடிநீர்க் குழாய் உடைந்தால் புதிய மேயரிடம்தான் கேட்க வேண்டும், அவரும் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். தோற்றவர் அதே அறையில் உட்கார்ந்திருப்பார். கேமில் அப்படி ஓர் அறை இல்லை.

ஊர் அரசியல் என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்த பிறகு திருநெல்வேலி, தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான். ஐந்து வருஷம் தனி அலுவலர் ஆட்சி. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரைப் போய்க் கேட்பது என்றே தெரியாத ஐந்து வருஷம். சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விடுவதும், தேர்தல் ஆணையம் எச்சரிப்பதும் ஒவ்வொரு தேர்தலிலும் செய்தியாகிறது. கேமிலும் லீடர் ஐடியை விலைக்கு விற்கிறவர்கள் உண்டு, நிறுவன விதிப்படி அது குற்றம் என்றாலும். வேறுபாடு, வாங்கியவருக்கு மேல் யார் இருக்கிறார்கள் என்பதில். ஏலத்தில் வந்த தலைவரும் முறைகேடு செய்தால் 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவில் ஆட்சியர் நோட்டீஸ் அனுப்ப முடியும். கிளானை விலைக்கு வாங்கியவரை அதன் உறுப்பினர்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

மடை

பத்தமடைக்கார கோ-லீடரின் ஊர் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வருகிறது. சில வருஷங்களுக்கு முன்பு, பாபநாசம் அணையில் நீர் குறைவாக இருந்த ஒரு கார் பருவத்தில் அங்கே நடந்ததை அவரும் அவர் அப்பாவும் தனித்தனியாகச் சொல்லிக் கேட்டேன். இடத்தையும் போய்ப் பார்த்தேன்.

தண்ணீர் பற்றாத காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். மேல்மடைக்கு இத்தனை இரவு, கடைமடைக்கு இத்தனை இரவு. கடைமடை முறை நாளில் ராத்திரி வாய்க்காலில் நீர் வரத்து திடீரென்று சுருங்கியது. டார்ச் எடுத்துக்கொண்டு, தண்ணீர் பங்கிடும் ஆளான நீர்ப்பாய்ச்சியோடு மேலே நடந்து போனால், தலைமடைக்காரர் ஒருவர் தன் வயலுக்குள் நீர் விடும் வாமடையைத் திறந்துவிட்டு, வாய்க்காலுக்குக் குறுக்கே மண் நிரப்பிய சாக்கு மூட்டைகளை அடுக்கியிருந்தார். பேச்சு முற்றி மண்வெட்டி ஓங்கும் வரை போனது. காலையில் போலீஸ் ஸ்டேஷன், மாலையில் கோயில் முன்னால் கூட்டம்.

2000-ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டப்படி தேர்ந்தெடுத்த சங்கம் அங்கே இருந்தது. அவரைப் பாசனத்திலிருந்தே நீக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நீக்குவது எப்படி? அவர் வயல் வாய்க்காலின் தலையில் இருக்கிறது. அதை எடுத்துக் கடைமடையில் வைக்க முடியாது. அடுத்த மராமத்துக்குக் கரை வெட்ட அவர் வரப்பின் மேல்தான் ஏறிப் போக வேண்டும். அது போக, சண்டை போட்டவர்களில் ஒருவருடைய பெண்ணை அந்தத் தெருவில்தான் கொடுத்திருக்கிறது. எல்லாம் பேசி முடித்தபோது ராத்திரி பதினொரு மணி. முடிவு இப்படி: இந்தப் பருவம் மிச்ச முறையில் முதல் இரண்டு இரவு கடைமடைக்கு. தலைமடைக்காரர் தன் செலவில் அந்த இடத்தில் மடைப் பலகை போட்டுத் தர வேண்டும். அவர் வயல் காய்ந்துவிடாமல் விடியற்காலம் ஒரு மணி நேரம் அவருக்கும் உண்டு. கோ-லீடரின் அப்பா என்னிடம் சொன்னார்: "அவன் செஞ்சது தப்புதான். அதுக்காக அவன் பயிரக் காயப்போட்டா, அடுத்த வருஷம் அவன் நமக்குத் தண்ணி விடுவானா?"

அந்தப் பலகையை நான் பார்த்தேன். தேக்குப் பலகை, ஓரத்தில் இரும்புப் பட்டை அடித்து, இவ்வளவுதான் தூக்கலாம் என்று கோடு கீறியிருக்கிறார்கள். தப்பு செய்தவர் காசில் வந்தது, அவர் வயல் முகப்பிலேயே நிற்கிறது, இன்றைக்கும் அவரே இறக்கி ஏற்றுகிறார்.

இதே குடும்பத்துப் பையன் எங்கள் கிளானில், டொனேஷன் குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காக வாரத்துக்கு இரண்டு பேரைக் கிக் செய்துகொண்டிருந்தவர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வெளியேற்றப்பட்டவனை அடுத்த நாள் வாய்க்கால் கரையில் பார்க்க வேண்டியதில்லை, அவனுக்கும் பத்து நிமிடத்தில் வேறு கிளான் கிடைக்கும். அங்கே பேசித் தீர்ப்பது நேர விரயம். அந்த இடத்துக்கு அவர் நடந்துகொண்டது சரியான கணக்கு.

மறுத்துப் பேசுகிறவனை என்ன செய்வது என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் பழையது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் உள்ள மானூரில், அம்பலவாணர் கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கி.பி. 800-ஐ ஒட்டியது, 919, 921-ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தியது. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம் என்று விதி செய்கிறது. நிலப் பங்கும் வேதப் படிப்பும் ஒழுக்கமும் உள்ளவர்களுக்கு மட்டும் என்ற குறுகிய சபைதான் அது. ஆனால் அதில் ஒரு விதி என்னை நிறுத்தியது. கொண்டுவருகிற ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் வேண்டாம் என்று முட்டுக்கட்டை போடுகிறவரும், அவருக்குத் துணை நிற்கிறவரும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். தொந்தரவுக்கு விலை வைத்தார்கள், கட்டிவிட்டு அவர் ஊரிலேயே இருப்பார். க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸில் தண்டம் என்ற படியே இல்லை. பொறுத்துக்கொள்வது, இறக்குவது, வெளியேற்றுவது, இவ்வளவுதான் தலைவன் கையில் உள்ளவை. சின்னத் தவறுக்குச் சின்னத் தண்டனை கொடுக்க வழியில்லாத இடத்தில் எல்லாத் தவறுக்கும் பெரிய தண்டனைதான் விழும்.

தூக்கிக்கொண்டு போக முடியாதவை

வெளியேறுவது எளிது என்று இவ்வளவு சொன்ன பிறகு, வெளியேறியவர்கள் ஏன் இன்னும் பழைய கிளானைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற கேள்வி வருகிறது. ஒவ்வொருவரும் தன் கோட்டையையும் படையையும் தன்னோடு கொண்டுபோனார். கொண்டுபோக முடியாதவை இரண்டு. ஒன்று, கிளான் லெவல். வார் வாராக ஜெயித்து, வருஷக்கணக்கில் ஏறியது. மற்றொன்று, 2022-இல் வந்த கிளான் கேபிட்டல், அதாவது கிளானுக்கே பொதுவான தலைநகரம். ஒவ்வொருவரும் தினம் தன் ஃபோர்ஜ் என்ற உலையில் சேர்த்த கேபிட்டல் தங்கத்தைப் போட்டு மாவட்டம் மாவட்டமாகக் கட்டியது. பேட்டைக்காரர் பட்டறை மூடியதும் முதல் வேலையாக அதைத்தான் போடுவார். இப்போது அது முழுவதும் மூன்று ஐடிகள் மட்டும் இருக்கிற ஒரு கிளானில் கிடக்கிறது.

கலைந்த பிறகு நடந்த பேச்சுவார்த்தை எல்லாம் இந்த இரண்டைப் பற்றித்தான். யாரும் சுத்தியலைக் கேட்கவில்லை. முதல் முறையாக எங்கள் ஆட்கள் கேமுக்குள் ஊர் ஆட்களைப் போலப் பேசினார்கள்: தூது அனுப்பினார்கள், வயதில் மூத்த ஒருவரை நடுவில் வைத்தார்கள், "ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்குடுங்க" என்றார்கள். எடுத்துப் போக முடியாத பொருள் ஒன்று நடுவில் வந்ததும் அரசியலின் முகமே மாறியது. கேமையும் ஊரையும் பிரிப்பது திரைக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாடு என்று நான் முதலில் நினைத்திருந்தேன். இந்த வழக்கு எனக்குக் காட்டியது, பிரிப்பது பொதுச் சொத்து. அது இருக்கிற அளவுக்குக் கேமிலும் ஊர் உண்டு.

அந்தச் சொத்தும் கடைசியில் நம்முடையது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் க்ளாஷ் ஆஃப் கிங்ஸ் என்ற உத்தி விளையாட்டும் ஒன்று. அதில் கூட்டணி கட்டி வைத்திருந்தவர்களின் ராஜ்ஜியம் ஓர் அறிவிப்பில் எட்டாததாகிவிட்டது. லீடருக்கு மேல் நிறுவனம், நிறுவனத்துக்கு மேல் அரசு. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மேயரைப் பற்றி விவாதித்தவர்களுக்கு அந்த மேல்படிகள் ஒருநாளும் விவாதப் பொருளானதில்லை.

இப்போது

வெளியேறியவர்களில் முப்பத்துச் சொச்சம் பேர் சேர்ந்து புதுக் கிளான் தொடங்கினார்கள். நானும் அதில் இருக்கிறேன். விதிகளை எழுதியது பத்தமடைக்காரர். போனஸ் மெடலுக்கு முறைப் பட்டியல் போட்டார், வாய்க்காலில் போடுவதைப் போலவே. ஸ்டார் கணக்கில் பாதிப்பேர், முறைக் கணக்கில் பாதிப்பேர், இந்த மாதம் விட்டவர் அடுத்த மாதம் முதல் ஆள். யாரையும் கிக் செய்வதற்கு முன் சாட்டில் காரணம் எழுதி ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அட்டாக் தவறவிட்டவர் அடுத்த லீக்கில் இரண்டு நாள் வெளியே உட்கார வேண்டும், கிளானைவிட்டுப் போக வேண்டியதில்லை. டிபியில் தலைவர் படம் வேண்டாம் என்பதையும் சேர்க்கலாம் என்று நான் சொன்னேன். அதற்கு மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வாட்ஸ்அப் குரூப்பையே விட்டுவிட்டு கிளான் சாட்டோடு நிற்கிறோம்.

லீடர் பதவி லீக்குக்கு லீக் கைமாறுகிறது. லீக் முடிந்து மெடல் கொடுத்த இரவே அடுத்தவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அவர் கோ-லீடராகிவிட வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குக் கேமில் எந்தக் காவலும் இல்லை. கையில் இருக்கிறவர் மாட்டேன் என்று சொன்னால் அன்றோடு முடிந்தது, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இதைப் பட்டியல் போட்ட அன்றே எல்லோருக்கும் சொல்லித்தான் தொடங்கினோம். இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை.

ஷார்ஜாக்காரர் ஊருக்கு லீவில் வந்தபோது வண்ணார்பேட்டையில் அவரைச் சந்தித்தோம். லீடராக அவரே இருப்பதானால் பழைய கிளானுக்கு எல்லோரும் திரும்பலாம், கேபிட்டல் அப்படியே இருக்கிறது என்றார். முறைப் பட்டியலில் அவர் பெயரையும் சேர்க்கிறோம், அவர் முறை வரும்போது லீடராக இருக்கட்டும், இரண்டு கிளானில் எது என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்வோம் என்று லேத் பட்டறைக்காரர் சொன்னார். பழைய கிளானுக்கு வருவதானால் முதலில் எல்லோருக்கும் பழைய பதவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது மாணவரின் நிபந்தனை. யோசித்துச் சொல்கிறேன் என்று போன ஷார்ஜாக்காரர், போன லீக்கில் எங்களுக்கு ஆள் குறைந்தபோது தன் உபரி ஐடி ஒன்றை அனுப்பினார். அது ஏழு நாளும் தவறாமல் அடித்தது. முறைப்படி அதற்கும் ஒரு போனஸ் வரவேண்டியிருந்தது, கொடுத்தோம்.